சிங்கப்பூர் போய்வந்த மாமாவும் குற்றவியல் படித்த நானும்

பத்து மணிக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் பதினொன்றேகால் ஆகியும் வரவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில், ராஜு மாமா வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கட்டத் தெரியாத சேலையை அம்மா பதினாறு ஊசி குத்தி நிறுத்தி வைத்திருந்தார். சமையல் பக்கமிருந்து கோழிப் பிரட்டல் மணம் வந்துகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த மணத்துக்கே நான் சமையலறையில் குடியேறியிருப்பேன். அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமாவின் மூத்த மகள் விமலா அக்காவுக்கு அன்று நிச்சயம். மாப்பிள்ளைக்கு ஊர் ஆயர் தாவார். வேன் ஏன் வரவில்லை என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஈப்போவில் நெரிசல் என்றார் ஒருவர். வழியில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய செம்பனை லோரி ஏதாவது கவிழ்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். செம்பனை லோரி என்று காதில் விழுந்ததும் நான் கூடாரத்தின் மறுபக்கம் நகர்ந்துவிட்டேன்.

உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் வரப்போவதில்லை. கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியவள் நான்.

இவ்வளவு உறுதியாக நினைப்பதற்கு எனக்குத் தகுதியும் இருந்தது. அப்போது நான் குற்றவியலும் குற்றவியல் நீதியும் என்ற இளங்கலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன்.

போலிசும் இல்லை, வக்கீலும் இல்லை

போன வாரம் இந்தத் தொடரில், ஈப்போவில் நான் தங்கியிருந்த அறையைப் பற்றியும் என் சமையலைப் பற்றியும் எழுதியிருந்தேன். 'அதெல்லாம் இருக்கட்டும், அங்கே என்னதான் படித்தாய்?' என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் வீட்டில் இதையே மூன்று வருடம் கேட்டார்கள்.

முதல் நாள் அப்பா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"போலிஸு வேலயா?"

"இல்லப்பா."

"லோயரா?"

"இல்லப்பா."

"புடிக்கிறது போலிஸு, பேசறது லோயரு. நடுவுல நீ என்னா செய்வ?"

"ஏன் செஞ்சாங்கன்னு பாப்பேம்பா."

அப்பா வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அதப் பாக்கத்தான் நம்ம தாமான்லயே நாலு பேரு சும்மா ஒக்காந்து இருக்காங்களே. அவங்கள்லாம் யூனிவர்சிட்டிக்கா போனாங்க?" என்றார்.

தாமானில் செய்தி பரவிய பிறகு என் மரியாதை கூடியது. தலைக்கவசம் போடாமல் மாட்டிக்கொண்டவர்கள் சம்மனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "கொஞ்சம் பேசி முடிச்சு வுடு மலரு" என்றார்கள். நான் யாரிடம் பேசுவது என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒருமுறை பக்கத்து வீட்டுக் குமாரி அக்காவின் கேஸ் சிலிண்டர், எங்கள் பேச்சில் தோம்பு, காணாமல் போனது. புதுத் தோம்பு. நான் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகப் போய் அவர் வீட்டுப் பின்புறத்தை ஒரு மணி நேரம் ஆராய்ந்தேன். ஈர மண்ணில் ஒரு காலடித் தடம் கிடைத்தது. அளந்து, வரைந்து, குதிகால் தேய்ந்திருப்பதால் ஆள் லேசாக நொண்டுபவராக இருக்கலாம் என்றுகூட எழுதிவிட்டேன். அது என் செருப்பு. தோம்பை அவர் கணவர் கடையில் மாற்றக் கொண்டு போயிருந்தார்.

இன்று அதே பட்டத்தை வைத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விபத்து நடந்தது என்று எழுதித் தருபவர்களுக்கு உண்மையிலேயே விபத்து நடந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு. நாளின் பெரும்பகுதி ஸ்டேப்ளரைத் தேடுவதில் போகிறது.

ஆனால் அந்த வயதில், தோம்பு விவகாரத்துக்குப் பிறகும், என்மேல் எனக்கிருந்த மதிப்பு குறையவே இல்லை. எல்லா வினையும் அதனால்தான் வந்தது.

ஆள் வேண்டும்

இரண்டாம் ஆண்டில் ஒரு பணி கொடுத்தார்கள். சிறைக்குப் போய்வந்த ஒருவரைப் பேட்டி கண்டு, அவர் வாழ்க்கையை எழுதி, வகுப்பில் படைக்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஓய்வுபெற்ற போலிஸ் அதிகாரி. பஞ்சாபியர். வகுப்புக்குள் அவர் நுழைந்தாலே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

"பெயரை மறையுங்கள். அடையாள அட்டை எண்ணை மறையுங்கள். மற்றதையெல்லாம் எவ்வளவு விவரமாக எழுத முடியுமோ அவ்வளவு விவரமாக எழுதுங்கள்" என்றார் அவர்.

மற்ற மாணவர்கள் கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, மறுவாழ்வு இல்லங்களுக்கு அலைந்தார்கள். எனக்கு அலைய அலுப்பு. அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"உள்ள போயிட்டு வந்த ஆளு யாரையாச்சும் தெரியுமாம்மா? படிப்புக்கு வேணும்."

அம்மா ஏதோ பொரித்துக்கொண்டிருந்தார். "அதுக்கு ஏன் சூசா படற, எங்கயும் அலைய வேணாம். உங்க மாமாவே போயிட்டு வந்தவருதான."

"எந்த மாமா? ராஜு மாமாவா? அவரு சிங்கப்பூருக்கில்ல போனாரு?"

மறுமுனையில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது. "அடுப்புல கைவேலயா இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று அம்மா வைத்துவிட்டார்.

இங்கே சிங்கப்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ராஜு மாமா ஐந்து மாதம் சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வந்தார். அம்மாவின் அண்ணன். குடும்பத்திலேயே வெளிநாடு போன முதல் ஆள். வரும்போது குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சாக்லேட் வாங்கி வந்தார். தங்க நிறத் தாள் சுற்றிய சாக்லேட். நான் தின்றுவிட்டு அந்தத் தாளை நகத்தால் நீவி, அகராதிக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளியில் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்த ஐந்து மாதமும் மாமா தைப்பிங்கில் இருந்திருக்கிறார். சிறையில். எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

லோரிக்குள்

மாமா மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார். வீட்டில் வேண்டாம், சுவர் மெலிசு என்று, திடலோரம் நிறுத்தியிருந்த தன் லோரியில் ஏறச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். உள்ளே டீசலும் பழைய பூச்சரமும் கலந்த வாடை. நான் போனை நடுவில் வைத்து ஒலிப்பதிவைத் தட்டினேன். முப்பத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

மாமா மாட்டிக்கொண்டது, எட்டாவது மைல்கல்லான எட்டாங்கட்டையில் இருந்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு, குடும்பங்கள் இந்தத் தாமானுக்கு வந்த காலம். மாமா வாடகை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன் வந்து செம்பனைக் குலை ஏத்தணும்னு கூப்புட்டான். எங்கேருந்துன்னு நான் கேக்கல. கேக்காம இருந்தேன்னா என்னா அர்த்தம்? தெரிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்?" என்றார். என் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒன்பது பக்கம் இருக்கிறது.

விடுதலையான நாளைப் பற்றிக் கேட்டேன். அதுவரை சாலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் ஸ்டேரிங்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வெறுங்கையோட எப்படிப் போறது? சிங்கப்பூர்லேருந்து வர்ற ஆளு. பஸ்ஸப் புடிச்சு நேரா ஈப்போவுக்குப் போனேன். நம்ம ஊரு நடுவுலதான இருக்கு? வீட்டத் தாண்டித்தான் போனேன் மலரு. எட்டாங்கட்டைகிட்ட வந்தப்ப தலைய குனிஞ்சுக்கிட்டேன். ஈப்போவுல ஒரு கடையில சாக்லேட்டு வாங்கி, பஸ் ஸ்டேசன் டாய்லெட்ல ஒக்காந்து ஒவ்வொன்னா வெல ஒட்டியிருந்தத நகத்தால சொரண்டுனேன். நம்ம ரிங்கிட்டுன்னு போட்டிருந்திச்சுலா. அப்பறம் திரும்பி பஸ் ஏறி வந்தேன்."

அதன் பிறகுதான் அவருக்கு உண்மையான தண்டனை ஆரம்பித்திருக்கிறது. விமலா அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. தினமும் சிங்கப்பூர் கதை கேட்டாள். மாமா அங்கே வேலை செய்துவிட்டு வந்தவர்களிடம் நைசாக விசாரித்து, மாடி பஸ், வெள்ளைப் புலி, ரயிலில் பானம் குடித்தால் அபராதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார். "சொல்லிச் சொல்லி எனக்கே பாதி போயிட்டு வந்த மாதிரி ஆயிருச்சு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சிறைக்குப் போனதில் அதிகமாக இழந்தது எது என்பது என் இருபத்தெட்டாவது கேள்வி.

"போன வருசம் பாப்பாவுக்கு ஒரு எடம் வந்து நின்னு போச்சுல்ல? காரணம் சொல்லல. எனக்குத் தெரியும், நாந்தான் காரணம். எவனோ சொல்லியிருக்கான்." விமலா அக்காவை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "புள்ளைக்கு ஒன்னும் தெரியாது. தெரியவும் கூடாது. இது உனக்கும் எனக்கும்தான்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது ஒலிப்பதிவில் பதியவில்லை.

'ஏ' என்றொரு மனிதர்

கட்டுரையில் மாமாவுக்கு 'ஏ' என்று பெயர் வைத்தேன். விரிவுரையாளர் சொன்னபடியே பெயரை மறைத்தேன், அடையாள அட்டை எண்ணை மறைத்தேன். மற்றதை விவரமாக எழுதினேன்.

எட்டாங்கட்டைத் தோட்டம் என்று எழுதினேன். லோரி ஓட்டுநர், தடித்த மீசை, இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் கிளினிக்கில் வேலை என்று எழுதினேன். சிங்கப்பூரை எழுதினேன். சாக்லேட்டை எழுதினேன்.

இந்த இடத்தில் என் அறிவைப் பாராட்ட வேண்டும். எங்கள் ஊரில் ராஜு மாமாவின் பெயர் யாருக்குமே தெரியாது. எட்டாங்கட்டை லோரிக்காரர், பெரிய மீசை, கிளினிக்கில் ஊசி போடும் பெண்ணுடைய அப்பா என்றால்தான் தெரியும். தோட்டத்து மனிதர்களுக்கு அடையாளம் எப்போதும் ஊரும் தொழிலும் உறவும்தான். பெயர் அடையாள அட்டையில் கிடக்கும். யாருக்கும் தெரியாத அந்த ஒன்றை மட்டும் கவனமாக மறைத்துவிட்டு, தெரிந்த அத்தனையையும் வெள்ளைத்திரையில் பெரிய எழுத்தில் போட்டேன்.

வகுப்பில் நல்ல வரவேற்பு. சாக்லேட் இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. கழிப்பறையில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டுவதை நடித்தே காட்டினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். விரிவுரையாளர் 'ஏ' தரம் கொடுத்து, விவரங்கள் உயிரோடு இருக்கின்றன என்று எழுதியிருந்தார்.

கடைசி வரிசையில் ஷாலினி என்றொரு பெண் உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ்ப் பெண். வகுப்பு முடிந்ததும் கேட்டாள்: "அந்த ஏ எந்தப் பக்கம் மலர்?"

"சொல்லக்கூடாது ஷாலினி. ஆய்வு நெறின்னு ஒன்னு இருக்கு" என்றேன் பெரிய மனுஷியாட்டம்.

அவள் சிரித்துவிட்டுப் போனில் ஏதோ தட்டினாள். அவள் ஊர் ஆயர் தாவார்.

இரண்டு மாதம் கழித்து விமலா அக்காவுக்கு இடம் அமைந்தது என்று அம்மா சொன்னார். பிரகாஷ் என்று பையன், அக்காவோடு கொஞ்ச நாளாகப் பழகியவராம். மாப்பிள்ளையின் அப்பா கோயில் தலைவர், மரியாதைப்பட்ட குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று மாமா சிங்கப்பூர் கதையைச் சொல்ல, மாப்பிள்ளையின் அம்மா ரசித்துக் கேட்டாராம். நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான்.

"அடுத்த வாரம் நான் க்ளாஸுக்கு மட்டம். எங்க பெரியம்மா மகனுக்கு நிச்சயம், உங்க ஊர்லதான்" என்றாள் ஷாலினி. "பொண்ணோட அப்பா சிங்கப்பூர்லலாம் வேல செஞ்சவராம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் ஒரு வாரம் ஆராய்ந்தேன். ஒருபக்க உதடு கொஞ்சம் அதிகமாக ஏறியதா? விசாரணைப் பாடத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மாமாவிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஷாலினியிடமே கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் துணிச்சல் வரவில்லை. குற்றம் செய்தவர்கள் ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று ஆறு கோட்பாடுகள் படித்திருந்தேன். ஆறும் என்னிடம் இருந்தன.

இருபத்தோராவது தட்டு

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது வேன் வந்து நின்றது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார், பேசவில்லை. மாப்பிள்ளையின் அம்மா உதட்டை இறுக்கி வைத்திருந்தார். பெரியப்பா ஒருவர் யாரையும் பார்க்காமல் நேரே கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். தட்டுகள் வரிசையாக உள்ளே போயின. பூ, பழம், சேலை, வளையல், கேக்.

கடைசித் தட்டு ஷாலினி கையில் இருந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் தாள் போட்டுப் பாதி மூடியிருந்தது. உள்ளே சாக்லேட். தங்க நிறத் தாள் சுற்றிய சாக்லேட். அவள் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கை நகத்தால் ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். மாமாவைச் சபையில் வைத்துக் குத்திக்காட்டவே இந்தத் தட்டைக் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தபோது நான் வழிமறித்தேன்.

"ஆன்ட்டி, ஒரு நிமிசம். மாமா மேல கோவப்படாதீங்க. விமலா அக்காவுக்கு எதுவுமே தெரியாது. இப்படி சாக்லேட்டு தட்டுலாம் வச்சுக் குத்திக் காட்ட வேணாம் ஆன்ட்டி."

அவர் கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? வழியில பலகாரத் தட்டு சரிஞ்சு கொட்டிருச்சு. தட்டு இருபதாப் போச்சு. ரெட்டப்படையில கொண்டு வரலாமா? ஈப்போவுல எறங்கி ஒரு கடை தேடி இந்தச் சாக்லேட்ட வாங்குறதுக்குள்ள வேன்ல பெரிய சண்டை. ஏர்கோன் வேற கெட்டுப்போச்சு."

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் நிறுத்தியிருப்பார்கள். 'ஆமா ஆன்ட்டி, இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி' என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டியிருப்பார்கள். நான் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தவள். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அஞ்சு மாசந்தான் ஆன்ட்டி உள்ள இருந்தாரு."

"எங்க உள்ள?"

நான் ஊசி குத்திய முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சிங்கப்பூர்லதான இருந்ததா சொன்னாரு?"

"தைப்பிங்ல" என்றேன். அந்த ஒரு சொல்லையும் யாரும் கேட்காமல் நானே எடுத்துக் கொடுத்தேன்.

சபை

மாப்பிள்ளையின் அம்மா கூடத்துக்குப் போய்க் கணவரின் காதில் சொன்னார். அவர் தட்டுகளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"சம்பந்தி, ஒன்னு கேக்கணும். நீங்க சிங்கப்பூர் போனதா சொன்னீங்க."

மாமா பதில் சொல்வதற்கு முன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற என்னிடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. முப்பத்திரண்டு கேள்வி கேட்டும் புரியாத அவர் அந்த ஒரு நொடியில் எனக்கு முழுசாகப் புரிந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா எழுந்து நின்றார். புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை.

"போவல. தைப்பிங்ல இருந்தேன். ஜெயில்ல. திருட்டுக் குலை ஏத்துன லோரிய நாந்தான் ஓட்டுனேன். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

அத்தை, மாமாவின் மனைவி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எனக்குத் தெரியும்பா" என்றார் பிரகாஷ். எல்லாரும் திரும்பினார்கள். அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. "விமலா பழகுன மொத மாசமே சொல்லிட்டா. நாந்தான் உங்ககிட்ட சொல்லல."

மாமா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அறைக் கதவைப் பார்த்தார். பாதி பூ வைத்த தலையோடு விமலா அக்கா அங்கே நின்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்கூல்ல சொன்னாங்கப்பா. நீங்க போன மறு வாரமே."

அதே பள்ளியில்தான் நானும் படித்தேன். தங்கத் தாளை பெஞ்சு பெஞ்சாகக் காட்டிக்கொண்டு திரிந்த என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் எந்தப் படிப்புக்கும் போகலாம், இந்தப் படிப்புக்கு மட்டும் போகக்கூடாது என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பறம் ஏம்மா சிங்கப்பூரப் பத்தி தெனம் தெனம் கேட்ட?" என்றார் மாமா.

"நீங்க சொல்றப்ப சந்தோசமா இருப்பீங்கப்பா" என்றாள் அக்கா.

மாமா உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று வருடம் தன் மகளுக்காகச் சுமந்தது என்று அவர் நினைத்திருந்ததை அவள் அவருக்காகச் சுமந்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதார், ஆனால் என்னைக் கிள்ளிக்கொண்டே அழுதார்.

மாப்பிள்ளையின் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். ஜன்னல் வழியாக இருவரின் முதுகும் தெரிந்தன. அத்தை பிடித்திருந்த குங்குமச் சிமிழ் அவர் கையிலேயே இருந்தது. இந்த இடமும் நின்றுவிட்டால் அக்காவின் முகத்தில் நான் இனி எப்படி விழிப்பேன் என்று யோசித்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு ஐந்து மாதம்.

அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்.

"மறைச்சது எனக்குப் புடிக்கல. அத சொல்லிடறேன். ஆனா எம் மவனும் என்கிட்ட மறைச்சிருக்கான். அவன வீட்ட வுட்டுத் தொரத்த முடியாது" என்றார். பிறகு மாமாவின் பக்கத்தில் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

கழிப்பறையிலிருந்து அப்போதுதான் வந்த பெரியப்பாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. "இன்னும் தட்டு மாத்தலயா? நேரம் போவுதுலா" என்றார்.

மாற்றினார்கள். இருபத்தொரு தட்டு.

சாப்பாட்டின்போது ஷாலினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் நான் படைத்ததை வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "உன் பிரசண்டேஷனா? அன்னிக்கு நான் போன்ல சேலை டிசைனு பாத்துட்டு இருந்தேன் மலர். எல்லாரும் சிரிச்சாங்களே, கேக்காம வுட்டுட்டமேன்னுதான் சும்மா ஒன்னு கேட்டு வச்சேன்" என்றாள். நான் கோழிப் பிரட்டலை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

படித்துக் காட்டினேன்

மாமா அதன் பிறகு நான்கு மாதம் என்னிடம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இது என் தங்கச்சி மக. இவகிட்ட மட்டும் எதையும் சொல்லிராதீங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

இந்த வாரம் இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் எழுதி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பேரனுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். மாமா, ஒன்று எழுதியிருக்கிறேன், படிக்கிறேன், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். முதல்முறையாகக் கேட்டேன். அன்று லோரியில்கூட நான் அவரிடம் முப்பத்திரண்டு கேள்வி கேட்டேனே தவிர, 'எழுதலாமா' என்று கேட்டதில்லை.

முழுவதையும் படித்தேன். தோம்பு கதைக்குச் சிரித்தார். லோரிக்குள் நடந்ததைப் படிக்கும்போது கையில் இருந்த சங்கிலியைக் கீழே வைத்துவிட்டார். சபையில் நடந்ததைப் படிக்கும்போது உள்ளே எழுந்து போய், முகம் கழுவிவிட்டு வந்து, "ம்... படி" என்றார்.

"பேர மாத்திட்டேன் மாமா" என்றேன் முடித்ததும்.

"மாத்துனா மட்டும் யாருக்குத் தெரியாமப் போவப் போவுது?" என்றார். சங்கிலியை மறுபடி எடுத்துக்கொண்டு, "எழுது. ஒரே ஒரு எடத்த மட்டும் எடுத்துரு" என்றார். எந்த இடம் என்று சொன்னார். அது அவர் லோரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்ன ஒன்று. நான் அங்கேயே, அவர் கண்ணெதிரே, அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தேன்.

அன்று மாலையிலிருந்து விமலா அக்கா மூன்றுமுறை போன் செய்துவிட்டாள், அப்பா எதை எடுக்கச் சொன்னார் என்று கேட்டு. நான் சொல்லவில்லை.